சாம்பல் நிறத் திரைச்சீலை

நீலக் கோட்டைக் காணவில்லை.

டீச்சர் அலமாரியை முதலில் கண்ணால் தேடினாள். அப்புறம் கையால் துழாவினாள். அதுவும் பலிக்காமல், உள்ளே இருந்த துணிகளையெல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டு உதறினாள். துணிகளையெல்லாம் என்றால் மலைமலையாக ஒன்றும் இல்லை. கட்டிலில் பாதிகூட நிறையவில்லை.

அந்தக் கோட் இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்பது போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

டீச்சர் இரண்டாம் வகுப்பு எடுக்கிறாள். பள்ளிக்கூடம் கொடுப்பது சாக்பீஸும் வருகைப் பதிவேடும்தான். மிச்சமெல்லாம் அவள் கைக்காசு. வண்ணப் பென்சில், பசை, கத்தரிக்கோல், மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்கு மாற்றிக்கொள்ளக் காலுறை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட கணவன், தான் ஆசையாக வாங்கித் தந்த கைக்கடிகாரம் கடைக்குப் போய்ப் படப் புத்தகங்களாகத் திரும்பி வந்ததை மட்டும் பொறுக்கவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறப்பதே அபூர்வம். அன்றைக்குத் திறந்தான்.

"இனிமே அந்தக் கிளாஸ் ரூமுக்கு ஒரு குண்டூசி வாங்கினேன்னு தெரிஞ்சுது, நான் மனுஷனா இருக்கமாட்டேன்!"

வாங்க மாட்டேன் என்று அவளும் வாக்குக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவன் ஒரு நீலக் கம்பளிக் கோட்டோடு வந்து நின்றான். பேசாமல் அவள் தோளில் போட்டான்.

"அதிகாரி வர்ற அன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போ. உனக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டும்."

பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வருவது இன்றைக்குத்தான். கோட் இல்லை.

"என்ன தேடறே?" முகத்தில் பாதி சோப்பு நுரையோடு கணவன் எட்டிப் பார்த்தான்.

"கோட்."

"எந்தக் கோட்?"

"என்கிட்ட என்ன பத்துக் கோட்டா இருக்கு?"

அவன் உள்ளே வந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். அவள் ஏற்கெனவே உதறிய துணிகளை மறுபடி ஒவ்வொன்றாக உதறினான். அப்புறம் நிமிர்ந்து, தேடுவதை விட்டுவிட்டு, அவளையே பார்த்தான்.

"யாருக்குக் குடுத்தே?"

"ஐயோ, நான் குடுக்கலைங்க."

"வாட்ச் போன வழிதானா இதுவும்?"

"சத்தியமா இல்லை."

"சத்தியம் பண்ணாதே. போன தடவையும் பண்ணினே."

போன தடவை பண்ணியது உண்மைதான்.

சாப்பாட்டு மேஜையில் மகள் உட்கார்ந்திருந்தாள். நர்சிங் படிக்கிறாள், வளர்ந்து அம்மாவைவிட ஒரு பிடி உயரமாகிவிட்டாலும் வீட்டில் அவள் பெயர் இன்னும் பாப்பாதான். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், தடவின இடத்திலேயே மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நீ பார்த்தியா?"

"எதை?"

"என் கோட்டைடி."

"எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா." பாதி ரொட்டி வாயில், பாதி கையில், பாப்பா வாசலைத் தாண்டியே போய்விட்டாள்.

கணவன் மீதி முகத்தைச் சவரம் செய்தான். சீருடையை மாட்டினான். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது மெதுவாகத்தான் சொன்னான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அதை வாங்கறதுக்கு நான் எவ்வளவு யோசிச்சிருப்பேன்னு உனக்கு ஒரு நாளும் தெரியப்போறதில்லை."

என்ன யோசனை என்று அவள் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டான்.

டீச்சர் பழைய பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். முழங்கை இழை விட்டுப்போய், கறுப்பு நூலில் பின்னியிருந்தது. பொத்தான்களில் ஒன்று வேறு குடும்பத்துப் பொத்தான்.

பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் ஒரே யோசனை. நிஜமாகவே நாமே யாருக்காவது கொடுத்துவிட்டு மறந்துபோயிருப்போமோ? அவள் அப்படிப்பட்டவள்தான். ஒரு தடவை மழையில் ஒரு பிள்ளையின் அம்மாவுக்குக் குடையைக் கொடுத்துவிட்டு, வாரம் முழுக்க வீட்டில் குடையைத் தேடியிருக்கிறாள். ஆனால் குடை வேறு, கோட் வேறு. கோட்டைக் கழற்றிக் கொடுத்தால் குளிருமே, அதுகூடவா ஞாபகம் இருக்காது?

பள்ளி வாசலில் அறிவிப்புப் பலகை. தலைமை ஆசிரியை ஒட்டவைத்த இரண்டு சுற்றறிக்கைகள் காற்றில் படபடத்தன. ஒன்று, ஆசிரியர்கள் நேர்த்தியான, கிழிசல் இல்லாத உடையில் வர வேண்டும். இன்னொன்று, வகுப்பறைக்கு எவரும் சொந்தச் செலவில் எதையும் வாங்கி வைக்கக் கூடாது. பக்கத்து வகுப்புப் பெற்றோர்கள் புகார் சொல்கிறார்கள்.

இரண்டாவது சுற்றறிக்கை தனக்காகவே எழுதப்பட்டது என்று டீச்சருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஏனென்றால் அந்தத் தலைமை ஆசிரியை வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். கணவனுக்கு மூத்த அக்கா. வீட்டில் அண்ணி, பள்ளியில் மேடம். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் சொல்லி டீச்சரின் நாக்கு எத்தனையோ தடவை தடுக்கியிருக்கிறது.

வகுப்பறைக் கதவைத் திறந்தாள்.

உடனே மூடினாள். தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். 'இரண்டாம் வகுப்பு' என்றுதான் எழுதியிருந்தது.

மறுபடி திறந்தாள்.

ஜன்னல் முழுக்கத் திரைச்சீலை. சாம்பல் நிறத்தில், கனமான நல்ல துணி. காலை வெயில் நேராகக் கரும்பலகையில் அடித்து, முன்வரிசைப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதுவது வழக்கம். இன்றைக்குப் பலகை பளிச்சென்று தெரிந்தது. மூலையில், வெறும் சிமெண்டுத் தரையாக இருந்த இடத்தில், ஒரு பெரிய தரைவிரிப்பு. சுவரோரம் ஒரு மர அலமாரி. அட்டைப் பெட்டியில் கிடந்த படப் புத்தகங்கள் அதில் முதுகு காட்டி வரிசையாக நின்றன.

வெள்ளிக்கிழமை மாலை பூட்டிக்கொண்டு போனபோது இவற்றில் எதுவுமே இல்லை.

அவள் போய்த் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். மேலே கம்பியைப் பிடித்திருந்த திருகாணிகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். ஒரு துணியைத் தொங்கவிட எதற்கு இவ்வளவு பெரிய திருகாணி? யானையையே கட்டித் தொங்கவிடலாம் போலிருந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் ஒரு கணம் வாசலில் குவிந்து நின்றார்கள். அப்புறம் கரை உடைந்த மாதிரி தரைவிரிப்பில் போய் விழுந்தார்கள்.

"டீச்சர், நீங்களா வாங்கினீங்க?"

"இல்லைப்பா."

"பொய்! எங்க டீச்சர்தான் வாங்கினாங்க!"

"இல்லைன்னா இல்லை."

"டீச்சர் வெக்கப்படறாங்க" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, பெரிய மனுஷி மாதிரி.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் எட்டிப் பார்த்தார். திரைச்சீலையை ஒரு பார்வை, அவளுடைய ஸ்வெட்டரை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா இருங்கம்மா. எங்களைத்தான் மாட்டிவிடறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இருக்க வேண்டியது இல்லை. இங்கே இல்லாதது இருக்கிறது. எதற்கும் அவள் பொறுப்பில்லை; ஆனால் இரண்டுக்கும் அவள்தான் குற்றவாளி.

பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வராந்தாவில் காலடிச் சத்தம். அதிகாரி உள்ளே வந்தார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். இந்தப் பள்ளியைத் தொடர்ந்து நடத்துவதா, அடுத்த வட்டாரத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவதா என்பது அவர் பார்த்துவிட்டுச் சொல்லப் போவதில் இருந்தது.

அவருக்குப் பின்னால் தலைமை ஆசிரியை வந்தார். தலை நிமிர்ந்து, தோள் விரிந்து, நேர்த்தியாக.

நீலக் கோட் போட்டுக்கொண்டு.

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்து உடைந்தது. அதே நீலம். அதே கம்பளி. இடது சட்டைப்பை ஓரத்தில் கடைக்காரன் தையல் போட மறந்து, கணவன் தானே குத்தித் தந்த அந்தக் கோணல் தையல்கூட அங்கேயே இருந்தது.

"வணக்கம் மேடம்... அண்ணி... மேடம்" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நாத்தனார் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை.

அதிகாரி திரைச்சீலையை இழுத்துப் பார்த்தார். தரைவிரிப்பை ஷூ நுனியால் அழுத்திப் பார்த்தார். "பரவாயில்லையே! மத்த கிளாஸ்ல இதெல்லாம் இல்லையே. இது எப்படி வந்தது?"

"பள்ளி நிதியிலேர்ந்து வாங்கினோம் சார்" என்றார் நாத்தனார், கண் இமைக்காமல்.

டீச்சர் திடுக்கிட்டாள். பள்ளி நிதியா? ஒரு கரும்பலகைத் துடைப்பானுக்குக் கேட்டபோதே 'நிதியா, அது எந்த ஊர்ல இருக்கு?' என்றவர் இவர்.

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். இழை விட்ட முழங்கையில் அவர் பார்வை ஒரு நொடி நின்றது.

"உங்க கிளாஸ்தானேம்மா இது? நிஜத்தைச் சொல்லுங்க. உங்க கைக்காசா?"

ஆமாம் என்றால் சுற்றறிக்கையை மீறிய குற்றம். அண்ணியும் பொய் சொன்னவராகிவிடுவார். நிதிதான் என்றால் அது எத்தனை தூரம் உண்மை என்று அவளுக்கே தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குத் தெரியாது சார். வெள்ளிக்கிழமை போகும்போது இல்லை. இன்னிக்கு வந்து பார்த்தா இருக்கு."

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். கேலி பண்ணுகிறாளா, இல்லை இவள் சுபாவமே இப்படியா என்று அவருக்குப் புரியவில்லை போலும்.

"சரி. நிதியில வாங்கினதுன்னா ரசீது இருக்குமே. வெள்ளிக்கிழமைக்குள்ள என் ஆபீசுக்கு அனுப்பிடுங்க மேடம். ரிப்போர்ட் அதுக்கப்புறம்தான்."

"அனுப்பிடறேன் சார்" என்றார் நாத்தனார்.

மதிய இடைவேளையில் தலைமை ஆசிரியை அறைக்கு அழைப்பு வந்தது. டீச்சர் உள்ளே போனதும் நாத்தனார் எழுந்து கதவைத் தாளிட்டார்.

"ஏம்மா, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? நான் நிதின்னு சொல்லிட்டேன். நீ 'ஆமா'ன்னு தலையாட்டினா முடிஞ்சது. 'தெரியாது சார்'ங்கறே!"

"தெரியாததைத் தெரியாதுன்னுதானே அண்ணி சொல்லணும்?"

"நீ வாங்கிவச்சது உனக்கே தெரியாதா?"

"நான் வாங்கலையே!"

"நடிக்காதே."

"நிஜமா அண்ணி. நீங்கதான் வாங்கிவச்சீங்கன்னு நான் நினைச்சேன்."

"நானா?" நாத்தனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்கென்ன பைத்தியமா? நீதான் வழக்கம்போல அசட்டுத்தனம் பண்ணிட்டே, அதிகாரி முன்னால மாட்டிக்கப்போறேன்னு உன்னைக் காப்பாத்தத்தான் நிதின்னு சொன்னேன். அதுவும் என் சர்வீஸ்ல முதல் பொய்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பின்ன யாரு?" என்றார் நாத்தனார்.

"பின்ன யாரு?" என்றாள் டீச்சரும்.

வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணி... கோட்..."

நாத்தனார் மேஜைமேல் இருந்த காகிதத்தை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் வைத்தார்.

"உன்னோடதுதான். திருடலை. பாப்பாகிட்டக் கேட்டு வாங்கினேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன். சாயங்காலம் உன் கண்ணுக்கு முன்னாடி அலமாரியில இருக்கும்னுதான் நினைச்சேன். நீ இன்னிக்கே போடுவேன்னு எனக்கு என்ன தெரியும்? நீதான் எப்பவும் அந்தப் பழுப்பு ஸ்வெட்டர்லயே இருக்கியே!"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி என் கோட்?"

பதிலுக்கு நாத்தனார் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. காலரைத் திருப்பித் தைத்திருந்தது. மறுபக்கமும் தேய்ந்து, நூல் தொங்கியது. தோளில் இரண்டு ஊக்கு. கிழிசல் இல்லாத உடையில் வர வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதிய கை, அந்த ஊக்குகளை மறைத்துக்கொண்டது.

"பிள்ளைங்க கக்கூஸ் கதவு மூணு தடவை மாத்தியாச்சு. தண்ணிக் குழாய் வேற. நிதி வரும் வரும்னு பார்த்தேன், வரலை. என் சம்பளத்துலதான் பண்ணினேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது? நான் பண்ணினா மத்த டீச்சர்ங்களும் பண்ணணும்னு ஆயிடும். அதான் யாரும் பண்ணாதீங்கன்னு எழுதி ஒட்டிட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வரும் என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தான் மாறியிருக்கிறது என்று தன்னை ஆசிரியர்கள் அறையில் எல்லார் முன்னாலும் கண்டித்தவர் இவர்தான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே அண்ணி."

"அதான் சொல்லலை" என்றார் நாத்தனார். "நீ குடுத்துடுவே."

பள்ளி விட்டதும் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். கோட்டை வீட்டுக்கே வந்து தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவதாக நாத்தனார் சொல்லியிருந்தார். வாசலில் வாட்ச்மேன் சாவிக் கொத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சருக்குச் சட்டென்று உறைத்தது. காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய ஆள்!

"சனி ஞாயிறுல என் கிளாஸை யாருக்குத் திறந்துவிட்டீங்க?"

வாட்ச்மேன் மேடத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் சொல்லாதேன்னாரு."

"யாரு?"

"ஆனா நீங்களா கேட்டா பொய் சொல்லுன்னு அவர் சொல்லலை. உங்க வீட்டுக்காரர்தான் டீச்சர். தள்ளுவண்டியில கொண்டாந்தாரு. ஒண்டியாவே இறக்கினாரு, ஒண்டியாவே மாட்டினாரு. மேடத்துக்குத் தம்பி, உங்களுக்கு வீட்டுக்காரர். அவரையே உள்ள விடலைன்னா நான் யாரை விடறது?"

கட்டைவிரல் பருமன் திருகாணிகள். லிஃப்டைப் பிடித்து நிறுத்துகிற கை அதைவிடச் சின்னதாக எதை முடுக்கும்?

வீடு வரைக்கும் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு குண்டூசிக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிய மனுஷன்! சனி ஞாயிறு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போனவன்! சந்தோஷப்படலாம் என்று மனசு ஓடியது. ஓடிய வேகத்திலேயே நின்றது. இவ்வளவுக்கும் எங்கிருந்து? எதற்காக ஒளிந்து ஒளிந்து?

கதவைத் திறந்தது பாப்பா. அத்தையையும் கோட்டையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"சாரிம்மா. அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க. காலையில அப்பா உன்மேல சந்தேகப்பட்டதும் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துது. ரொட்டியைப் போட்டு அடைச்சுக்கிட்டேன்."

"போடி உள்ள" என்றாள் டீச்சர். குரலில் கோபம் ஒட்டவில்லை.

கணவன் முன்னறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சீருடையில்தான் இருந்தான். அக்கா நீலக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போடுவதைப் பார்த்தான். உள்ளே இருந்த ஊக்குகளையும் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேள்வி கேட்கப் போவது அவர்கள், பதில் சொல்ல வேண்டியவன் தான் என்பது அவனுக்கு அதற்குள் புரிந்திருக்க வேண்டும்.

"வாட்ச்மேன் சொல்லிட்டாரா?" என்றான்.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

"நீ தூக்கத்துலகூட 'போர்டு தெரியலையா, இந்தப் பக்கம் வந்து உக்காரு'ன்னு சொல்றே. பக்கத்துல படுத்திருக்கறவன் நான்தானே?"

கடிகாரத்துக்காகச் சண்டை போட்டவன்தானா இவன்?

நாத்தனார் உருகுகிற ஆள் இல்லை. "அதெல்லாம் சரி. ரசீது எங்கே? வெள்ளிக்கிழமை நான் அதிகாரிகிட்ட நீட்டணும்."

"ரசீது இல்லைக்கா."

"ஏன்?"

"வாங்கினாத்தானே ரசீது?"

அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். அப்புறம், ரொம்ப நாளாக மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்ததுபோலக் கோர்வையாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த அந்த உயரமான கட்டிடத்தில் ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் காலி பண்ணிவிட்டன. கட்டிடத்தையே மூடிவிட்டார்கள். ஆள் ஏறாத லிஃப்டுக்கு மெக்கானிக் எதற்கு? கம்பெனி கணக்கு முடித்து அனுப்பிவிட்டது. காலி அறைகளில் திரைச்சீலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தரைவிரிப்பைச் சுருட்டி, மூலையில் ஒரு மர அலமாரிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பின்கதவுச் சாவியை யாரும் அவனிடம் திரும்பக் கேட்கவில்லை.

"கணக்கு முடிச்சா?" டீச்சருக்கு அதற்குமேல் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. "எப்ப?"

"கோட் வாங்கின அன்னிக்கு."

"வேலை போன அன்னிக்கு யாராவது கோட் வாங்குவாங்களா?"

"இனிமே எப்ப வாங்க முடியும்னு தெரியலை. அதான் அன்னிக்கே வாங்கிட்டேன்."

"தினமும் காலையில சீருடை போட்டுக்கிட்டுக் கிளம்பினீங்களே! பையைத் தூக்கிக்கிட்டு! எங்க போனீங்க?"

"வேலை கேட்டுத்தான். கேட்டு முடிச்சதும் பஸ் ஸ்டாண்டு. பெஞ்சுல உக்காந்திருப்பேன்." அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னான். "இதைப் போட்டுக்கிட்டாத்தான் வாசப்படி தாண்டறதுக்குத் தெம்பு வருது."

காலையில் கோட்டுக்காக அவன் அத்தனை மெதுவாகப் பேசியது எதனால் என்று இப்போது புரிந்தது. புரிந்ததும் கோபப்பட வேண்டும் போலிருந்தது. அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யாமல் அவள் நாற்காலியிலிருந்த கோட்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ஏண்டா" என்றார் நாத்தனார். தம்பியை 'டா' போட்டு அவர் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "எடுக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டியா?"

"கேக்கறதுக்கு அங்க யாருமே இல்லைக்கா."

"அப்படின்னா அது திருட்டுடா."

"தூக்கிப் போடறதுக்குத்தான் வச்சிருந்தாங்க."

"தூக்கிப் போடறேன்னு உன்கிட்டச் சொன்னாங்களா?"

நாத்தனார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் அதிகாரிகிட்ட நிதியில வாங்கினேன்னு சொல்லியிருக்கேன். இவ தெரியாதுன்னு சொல்லியிருக்கா. நீ யாருமில்லாத கட்டிடத்துலேர்ந்து தூக்கிட்டு வந்திருக்கே. நல்ல குடும்பம்டா நம்மளுது!"

"நான் போய்ச் சொல்றேன் அண்ணி" என்றாள் டீச்சர்.

"என்னன்னு?"

"இவர்தான் கொண்டாந்தார்னு."

"அப்படிச் சொன்னா நான் சொன்னது பொய்னு ஆயிடும். ஸ்கூலை மூடிட்டுத்தான் மறுவேலை."

"அப்ப நிதின்னே வச்சுக்குவோம்."

"ரசீதுக்கு எங்க போவே?"

"கழட்டித் திருப்பிக் குடுத்துடறேன்" என்றான் கணவன்.

"அதிகாரி பார்த்துட்டுப் போயிட்டாரே! திரும்பி வந்து எங்கேன்னு கேட்டா?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது உள்ளறையிலிருந்து பாப்பா வந்தாள். கையில் அப்பாவின் போன், உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அப்பா, ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டே இருந்துது, எடுத்துட்டேன். உங்க பழைய கட்டிடத்து மேனேஜராம். உடனே பேசணுமாம்."

கணவன் எழுந்தான். எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நீட்டிய கை பாதியில் நின்றது. அவன் நெற்றி வேர்த்திருந்ததை டீச்சர் பார்த்தாள்.

"அவன்கிட்டக் குடுக்காதே. நான் பேசறேன்" என்று நாத்தனார் எழுந்தார்.

அதற்குள் டீச்சர் போனைப் பிடுங்கிவிட்டாள். என்ன பேசப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒரு நாளில் இவ்வளவு நேரம் ஒன்றும் தெரியாமல் நின்றது போதும் என்பது மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க சார். நான் அவரோட மனைவி பேசறேன். அவர் மேல தப்பு இல்லை. எல்லாம் என் கிளாஸுக்காகத்தான் எடுத்தார். எல்லாச் சாமானும் பத்திரமா என் கிளாஸ்லதான் இருக்கு. ஒரு நூல்கூடப் பிரியலை."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அறையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுமுனையில் ஒரு குரல், ரொம்பக் குழப்பமாகக் கேட்டது.

"எந்தச் சாமான்மா?"